பகைவன் ஏட்டிலே கண்ட வீரம்

(ஆலங்குடாவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானிலே போர் புரிந்து விருது பெற்ற விமானிகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு விமானத்தைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் கூடியிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆயினும் எண்ணிப் பார்த்தால், இந்தப் பொருளைக் கேட்பதற்கு உங்களுக்கு உள்ள உரிமை இந்தத் தீவிலே பல ஊர்களுக்கு இல்லை. கற்பிட்டி வீதியிலே தெற்கு நோக்கிச் சென்றால் பாலாவி. அங்கே இன்று இலங்கை விமானப்படையின் தளம் இருக்கிறது. அதன் ஓடுபாதை இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரித்தானியர் அமைத்தது. யுத்தத்தின் பிற்பகுதியில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு அதனை 'ராஜாலிய' என்னும் பெயரால் நடத்திற்று. கடற்படைக்காரர் தரையிலே உள்ள தளத்துக்கும் கப்பலைப்போலவே பெயர் சூட்டுவர். சிங்களச் சொல்லாயினும் அது நமக்கு அந்நியமன்று. நம்முடைய இராசாளிதான் அது. பாக்கு நீரிணைக்கு அப்பால், அரக்கோணத்திலே இந்தியக் கடற்படை 1992-இல் தொடங்கிய விமானத்தளத்தின் பெயரும் ராஜாளியே.

பாலாவியிலே ஒரு காட்சியை அக்காலப் புகைப்படங்கள் காட்டுகின்றன. 'கோர்செயர்' என்னும் அமெரிக்கச் சண்டை விமானம். அதன் முன்னே ஒரு யானை. இயந்திர வண்டி செய்ய வேண்டிய வேலையை யானை செய்து, அந்த விமானத்தை இழுத்துச் செல்கிறது. அந்தக் கோர்செயரின் முகப்பு மிக நீண்டது. இறங்கும் வேளையிலே விமானிக்கு நேர் எதிரே உள்ளது தெரியாது. ஆகவே கப்பல் தளத்திலே இறங்குவதற்கு, நேராக வராமல் வளைந்து வளைந்து வந்து, கடைசி நொடியிலே நிமிர்த்தி இறக்க வேண்டும். இருபதும் இருபத்திரண்டும் வயதான இளைஞர்கள் இதனைப் பழகினார்கள். பின்னர் விமானந்தாங்கிக் கப்பல்களில் ஏறி, 1944-இல் சுமாத்திராவின் சபாங் துறையையும், 1945 சனவரியில் பலெம்பாங் எண்ணெய்ச் சாலைகளையும் தாக்கச் சென்றார்கள். பயிற்சியின்போதே மாண்டவர்களும் பலர். பயிற்சியிலே மாண்டவனுக்குப் பதக்கம் கிடையாது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

உங்களுள் சிலர் மனத்திலே ஒரு கேள்வி எழுந்திருக்கும். விமானம் என்றதும் நிமிர்ந்து பார்த்து மகிழும் மக்களா நாம்? 1990 ஒக்டோபரிலே வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, கையிலே அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கரை சேர்ந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்திலே இருக்கிறார்கள். 1995 யூலை 9-ஆம் நாள் நவாலியிலே தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மேல் விமானக் குண்டு விழுந்ததை அறிந்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ் பேசும் மக்களுக்கு விமானத்தின் ஓசை என்றால் பதுங்குகுழி என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. அத்தகைய மக்களிடம் வந்து விமானிகளின் வீரத்தைப் பேசுவது முறையா?

முறை என்றே கருதுகிறேன். ஏனெனில், யுத்தத்தைப் பற்றி அரசாங்கங்கள் சொல்லும் கதைகளிலே மிகக் கவர்ச்சியானது விமானியின் கதை. தரைப்படை வீரன் சேற்றிலே கிடக்கிறான். கடற்படை வீரன் கப்பலோடு சேர்த்து எண்ணப்படுகிறான். விமானியோ தனி ஒருவனாக, பெயரோடும் முகத்தோடும் நிற்கிறான். ஆகவே பொய்யும் அவன்மீதே மிகுதியாக ஏற்றப்படுகிறது. எதனை நம்புவது, எதனைத் தள்ளுவது என்று அறியாத மக்கள், அடுத்த யுத்தத்துக்கு எளிதாக அழைத்துச் செல்லப்படுவார்கள். எனவே இன்று நான் கேட்கப்போவது ஒரே கேள்வி. வானத்திலே நிகழ்ந்த வீரத்துக்கு யார் சாட்சி?

விருது எவ்வாறு கிடைக்கிறது என்று பாருங்கள். ஒருவன் வீரச் செயல் புரிந்தால் மட்டும் போதாது. அதனை மற்றொருவன் காண வேண்டும். கண்டவன் உயிரோடு திரும்ப வேண்டும். திரும்பியவன் சொல்ல, மேலதிகாரி எழுத, அதற்கும் மேலே உள்ளவர்கள் ஒப்ப வேண்டும். சண்டை முடிந்து இறங்கிய விமானி, இன்ன உயரத்திலே, இன்ன திசையிலே, இன்ன விமானத்தைச் சுட்டேன் என்று அறிக்கை எழுதிக் கொடுக்கிறான். துப்பாக்கியோடு இணைந்த படப்பிடிப்புக் கருவி இருந்தால் அதன் படத்தையும் பார்ப்பர். இத்தனைக்கும் பின்னும் பிழை நேரும். ஒரே விமானத்தை மூவர் சுட்டிருப்பர்; அது விழுந்ததும் மூவரும் தத்தம் கணக்கிலே எழுதிக்கொள்வர். புகை கக்கியபடி கீழே பாய்ந்த விமானம் விழுந்ததென்றே எண்ணப்படும். அதுவோ அலைக்கு மேலே நிமிர்ந்து வீடு சேர்ந்திருக்கும். இது பொய் சொல்லும் எண்ணத்தால் வருவதன்று. மணிக்கு முந்நூறு மைல் வேகத்திலே செல்பவன் ஒரு பொருளைக் காண்பது இரண்டு மூன்று நொடிதான். அந்தப் பிழையை எடுத்து முரசறைவதுதான் அரசாங்கத்தின் வேலை.

நம் தீவிலே நடந்ததையே சொல்கிறேன். 1942 ஏப்பிரல் 4-ஆம் நாள், காலிக்கு அப்பால் உள்ள கொக்கலைக் களப்பிலிருந்து 'கற்றலினா' என்னும் கடல் விமானம் ஒன்று விடியுமுன் புறப்பட்டது. அதன் தலைவர் லெனாட் பேர்ச்சல், கனடா விமானப்படையினர். இலங்கைக்கு வந்து இரண்டு நாளே ஆகியிருந்தது. நாள் முழுவதும் வெறுங்கடலையே பார்த்துத் திரிந்து, திரும்பும் வேளை நெருங்கிய மாலைப்பொழுதிலே, இலங்கைக்குத் தெற்கே சில நூறு மைல் தொலைவில், அடிவானத்திலே சில புள்ளிகளைக் கண்டார்கள். அருகே சென்று பார்த்தார்கள். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவின் கப்பற்படை அது.

அருகே சென்றது ஏன் என்று சிலர் கேட்கலாம். 'கப்பல்கள் கண்டோம்' என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பியிருக்கலாமே! அந்தச் செய்தியால் கொழும்புக்கு என்ன பயன்? எத்தனை கப்பல், எந்தத் திசை, எந்த வேகம் என்பவை தெரிந்தால்தானே துறைமுகத்தைக் காலி செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்? அதனை அறிவதற்கு நெருங்க வேண்டும். நெருங்கினால் தப்ப முடியாது. கற்றலினாவோ மெதுவாகச் செல்லும் பெரிய விமானம். அதனை எதிர்த்து யப்பானியரின் சீறோ சண்டை விமானங்கள் எழுந்தன. ஒளிவதற்கு மேகமும் இல்லை. அடிபட்டுக்கொண்டே, கம்பியில்லாத் தந்தியாளர் செய்தியை அனுப்பினார். திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கையிலே கருவி உடைந்தது. விமானம் கடலிலே விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். அவர்களுள் இருவர் காயத்தோடு நீரிலே மிதந்துகொண்டிருந்தபோது, மேலிருந்து சுடப்பட்டு மாண்டவர்கள். எஞ்சிய அறுவரை யப்பானியர் கப்பலிலே ஏற்றினர்.

செய்தி அனுப்பினீர்களா என்று அடித்துக் கேட்டார்கள். இல்லை என்றார்கள் இவர்கள். சிறிது நேரத்திலே கொழும்பிலிருந்து, 'செய்தியை மீண்டும் அனுப்புக' என்று அழைப்பு வந்தது யப்பானியரின் காதிலேயே விழுந்தது. அதன்பின் அடி இன்னும் மிகுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பிலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஓர் அரைகுறைச் செய்தியும், அதன்பின் வந்த மௌனமும் மட்டுமே. கடலிலே நிகழ்ந்ததைக் கண்ட சாட்சிகள் கைதிகளும் பகைவருமே. யுத்தம் முடிந்து, 1945-இல் சிறை திறந்து, பேர்ச்சல் உயிரோடு வெளிவந்த பின்னரே முழுக்கதையும் உலகுக்குத் தெரிந்தது. 'இலங்கையின் இரட்சகர்' என்று அவரைப் பத்திரிகைகள் அழைத்தன. விமானிகளுக்குரிய டி. எப். சி. பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

என் மனத்தைக் கவர்ந்தது அந்தப் பதக்கத்தைவிட மற்றொன்று. யப்பானியச் சிறை முகாம்களிலே பேர்ச்சல் மூன்றாண்டுக்கு மேல் கிடந்தார். நோயுற்ற கைதிகளை வேலைக்கு இழுத்தபோது, நோயாளரை விட்டாலன்றி ஒருவனும் வேலை செய்யான் என்று கைதிகளை உட்காரவைத்தார். அதற்காக வதைபட்டார். முகாமிலே நடந்தவற்றைக் களவாக எழுதி மறைத்து வைத்தார். பின்னர் அந்தக் குறிப்புகள் போர்க்குற்ற விசாரணைகளுக்குச் சான்றாயின. இதற்காகவும் அவருக்கு அரசு விருது ஒன்று உண்டு. விமானத்திலே அவர் காட்டிய துணிவு சில நிமிட நேரத்துத் துணிவு. முகாமிலே காட்டியதோ ஆயிரம் நாளுக்கு மேல் நீடித்த துணிவு. ஆனால் சிறுவர்களுக்கான கதையிலே முன்னதுதான் இடம் பெறுகிறது!

மறுநாள் ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு. எச்சரிக்கை கிடைத்ததனால் பல கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தை விட்டு அகன்றிருந்தன. அந்த அளவிலே பேர்ச்சலின் செய்தி பலித்தது. ஆனால் காலை ஏழரை மணியளவிலே நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே வந்தபோது, இரத்மலானையிலே ஹரிகேன் விமானிகளுக்கு எந்த எச்சரிக்கையும் எட்டியிருக்கவில்லை. றேடார் இருந்தும் பயன்படவில்லை. அண்ணாந்து பார்த்துப் பகைவனைக் கண்டபின் ஓடிப்போய் விமானத்திலே ஏறினார்கள். சண்டை விமானம் மேலெழும் அந்த வேளைதான் அதற்கு மிகவும் ஆபத்தானது. உயரமும் இல்லை, வேகமும் இல்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்தது சீறோ. அதை அறிந்தே எழுந்தார்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலே மறைத்து வைத்திருந்த மற்றொரு ஹரிகேன் அணியும் எழுந்தது. திருகோணமலையிலிருந்து இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்த ஆறு 'சுவோட்பிஷ்' விமானங்கள் ஒன்றும் அறியாமல் இந்தச் சண்டைக்குள்ளே நுழைந்து வீழ்ந்தன. அவை துணி போர்த்திய, இரட்டை இறக்கை கொண்ட பழைய விமானங்கள்.

அன்று இருபதுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்களை வீழ்த்தினோம் என்று பிரித்தானியத் தரப்பு அறிவித்தது. கொழும்பை விட்டு மக்கள் கூட்டங் கூட்டமாய் ஓடிக்கொண்டிருந்த வேளையிலே அந்த அறிவிப்பு எத்தனை இனித்திருக்கும்! யுத்தத்தின் பின் யப்பானியரின் ஏடுகளைப் பார்த்தார்கள். கொழும்பிலே அவர்கள் இழந்தது ஏழு. பிரித்தானியர் தாம் இழந்ததோ இருபதுக்கு மேல்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் அந்த விமானிகளின் மதிப்பு குறைந்துவிட்டதா? என்னைக் கேட்டால், உயர்ந்துவிட்டது என்பேன். வென்றுகொண்டே இருந்தவன் மேலும் ஒருமுறை எழுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? தோற்பது உறுதி என்று கண்ணாலே கண்டவன், நான்கு நாள் கழித்துத் திருகோணமலையிலே மறுபடியும் எழுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? ஏப்பிரல் 9-இல் சீனன்குடாவிலிருந்து ஹரிகேன்கள் எழுந்தன, பாதியளவு வீழ்ந்தன. அன்றே கொழும்பிலிருந்து ஒன்பது 'பிளெனிம்' குண்டு விமானங்கள் எந்தச் சண்டை விமானத்தின் துணையுமின்றி நகுமோவின் கப்பல்களைத் தேடிச் சென்று, கண்டு, குண்டு போட்டன. ஒரு குண்டும் படவில்லை. ஒன்பதில் ஐந்து தொலைந்தன. 'அக்காகி' என்னும் தலைமைக் கப்பலின் அருகே நீர் பொங்கிய பின்னரே தாம் தாக்கப்படுவதை அறிந்தோம் என்பது யப்பானியர் தாமே ஒப்புக்கொண்டது. பேர்ள் துறைமுகம் தொடங்கி அதுவரை அந்தக் கப்பல்களின்மேல் எவரும் குண்டு போட்டதில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அந்த நாளே. விமானந்தாங்கி என்பது பெயரளவிலேதான். அன்று அதிலே ஒரு விமானமும் இல்லை!

தமிழர்க்கு இந்த நியாயம் புதிதன்று. வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான், பெருஞ்சேரலாதன் தோற்றான். மார்பிலே பாய்ந்த வேல் முதுகையும் துளைத்ததனால், அந்தப் புறப்புண்ணுக்கு நாணிச் சேரன் வடக்கிருந்து உயிர்விட்டான். அந்த ஊர்க் குயத்தியார், மட்கலம் வனையும் குடியிலே பிறந்த பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே பாடினார். என்ன பாடினார்? உன்னிலும் அவன் நல்லவன் என்று! வெற்றி பெற்ற வேந்தனின் எதிரே நின்று அதனைச் சொல்ல ஒரு புலவர் இருந்தார். அதனைக் கேட்டுப் பொறுக்க ஒரு வேந்தனும் இருந்தான். இன்றைய பாதுகாப்பு அமைச்சுகளிலே இவ்விருவரில் எவரைத் தேடுவது?

ஆயினும் ஒரு கதை உண்டு. அதனைச் சற்று விரித்துச் சொல்ல விடை தாருங்கள்.

1965 செப்டெம்பர் 7. இந்திய விமானப்படையின் 'மிஸ்ரேர்' விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்றன. குடகு நாட்டைச் சேர்ந்த தேவய்யா என்னும் விமானி அந்த அணியிலே இல்லை. யாரேனும் பின்தங்கினால் இடத்தை நிரப்புவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டவர். ஓரிடம் காலியாயிற்று, அவர் சேர்ந்துகொண்டார். தாக்குதல் முடிந்து மற்றவர்கள் திரும்பினர். தேவய்யா திரும்பவில்லை. என்ன ஆனார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. காணாமற் போனவர் பட்டியலிலே பெயர் ஏறியது. காலம் சென்றது.

1979-இல் ஓர் ஆங்கில எழுத்தாளர், ஜோன் பிரிக்கர் என்பவர், பாகிஸ்தான் விமானப்படையின் ஏடுகளைப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். அதிலே ஒரு செய்தி. அன்று சர்கோதாவின் மேலே அம்ஜத் ஹுசைன் என்னும் பாகிஸ்தான் விமானி, ஒலியைப் போல் இருமடங்கு வேகத்திலே செல்லவல்ல எஃப்-104 விமானத்திலே வந்து, ஒரு மிஸ்ரேரைச் சுட்டார். அது வீழ்ந்தது என்று எண்ணி மற்றொன்றை நாடிச் சென்றார். அடிபட்ட மிஸ்ரேரோ வீழவில்லை. திரும்பி வந்து, தன்னிலும் வேகமான அந்த விமானத்தைச் சண்டையிலே மடக்கிச் சுட்டது. அம்ஜத் ஹுசைன் பரசூட்டிலே குதித்துத் தப்பினார். தேவய்யா தப்பவில்லை. அன்று திரும்பாத மிஸ்ரேர் யாருடையது என்று இந்தியர் தம் கணக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. 1988-இல், இருபத்துமூன்று ஆண்டு கழித்து, மகாவீர் சக்கரம் அவர் மனைவியிடம் அளிக்கப்பட்டது.

அந்த விருதுக்குச் சான்று எழுதியது யார்? அவரால் வீழ்த்தப்பட்டவரின் நாடு! தங்கள் தலைசிறந்த விமானத்தை ஒரு பழைய விமானம் வீழ்த்திற்று என்பதை அவர்கள் மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் இன்றும் தேவய்யா காணாமற் போனவரே. 1971 திசெம்பர் 14-இல் குண்டு விழுந்துகொண்டிருந்த ஸ்ரீநகர் ஓடுபாதையிலிருந்து எழுந்து, ஆறு விமானங்களைத் தனித்து எதிர்த்து மாண்ட நிர்மல்ஜித் சிங் செக்கோன் இந்திய விமானப்படையிலே பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே ஒருவர். அவருடைய திறமையையும், அன்று எதிரே பறந்த பாகிஸ்தான் விமானி ஒருவர் பிற்காலத்திலே எழுத்திலே போற்றினார்.

இனி நம்மவர் ஒருவர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர் அபிநந்தன் வர்த்தமான், 2019 பெப்ரவரி 27-இல் மிக்-21 விமானத்திலே சென்று, சுடப்பட்டு, பாகிஸ்தானிலே சிறைப்பட்டு, மார்ச் 1-இல் விடுவிக்கப்பட்டார். எஃப்-16 ஒன்றை அவர் வீழ்த்தினார் என்று இந்தியா சொல்கிறது. வீர் சக்கரமும் அளித்தது. தங்கள் எஃப்-16 எதுவும் குறையவில்லை என்று பாகிஸ்தான் சொல்கிறது. மீசையைப் பார்த்து ஆரவாரம் செய்த நம் இளைஞர்களுக்கு நான் சொல்வது, இந்த வழக்கின் தீர்ப்புக்குப் பொறுத்திருங்கள் என்பதே. கொழும்பின் கணக்குத் தெளிய யுத்தம் முடிய வேண்டியிருந்தது. தேவய்யாவின் கணக்குக்குப் பதினான்கு ஆண்டு வேண்டியிருந்தது. ஆனால் பழைய விமானமொன்றிலே எல்லையைக் கடந்து சென்றதும், சிறைப்பட்டு நின்றபோது கேட்ட கேள்விகள் சிலவற்றுக்கு விடை சொல்ல மறுத்ததும் இரு நாட்டாரும் கண்டவை. அவற்றுக்கு இனிச் சாட்சி தேவையில்லை.

நம் தீவின் பெயரையும் சொல்ல வேண்டும். 1962-இல் இலங்கை விமானப்படைக்குத் தலைவரான றொஹான் அமரசேகர, உலக யுத்தத்திலே பிரித்தானியக் குண்டு விமானங்களிலே வழிகாட்டியாகப் பறந்து, டி. எப். சி. பதக்கத்தை இருமுறை பெற்றவர். சுமார் 1,25,000 பேர் பறந்த அந்தக் குண்டுவீச்சுப் படையிலே 55,573 பேர் மாண்டார்கள். அந்தக் கணக்கை அறிந்தும் இரவு தோறும் ஏறியவர்களை வீரர் அல்லர் என்று எவர் சொல்வார்? ஆனால் அவர்கள் போட்ட குண்டுகளால் ஜெர்மன் நகரங்களிலே மாண்ட பொதுமக்கள் பல இலட்சம். வீரமும் உண்மை, வெந்து மடிந்த குழந்தையும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவனிடம் எச்சரிக்கையாயிருங்கள். கொழும்பிலே 1942-இல் குண்டு விழுந்த இடங்களுள் ஒன்று அங்கொடை மனநோய் மருத்துவமனை. நீரிலே மிதந்த காயக்காரரைச் சுட்டவனும் விமானியே. அவனும் தன் நாட்டிலே வீரன் என்று போற்றப்பட்டிருப்பான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பகைவன் எழுதி வைத்ததனால் சிலருடைய வீரம் தெரிந்தது. பகைவனும் எழுதாத, தன்னவனும் எழுதாத மக்கள் ஒரு கூட்டம் உண்டு. பாலாவி ஓடுபாதைக்குக் காடு வெட்டியது யார்? கல் சுமந்தது யார்? விமானத்தை இழுத்த யானையின் பாகன் எந்த ஊரவன்? பயிற்சியிலே தவறிய விமானம் களப்பிலோ கடலிலோ விழுந்தபோது தோணியைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் இருந்தால், அவர்கள் எந்தக் குடும்பத்தார்? 1942-இலே பத்து வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. எந்தப் பக்கத்து ஏட்டிலும் இல்லாதது அவர்களிடமிருந்து கேட்ட பிள்ளைகளின் நினைவிலே மட்டும் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் மாணவர்களை வீடு வீடாக அனுப்பி இதனைக் கேட்டு எழுதச் செய்யலாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர், செய்த வேலை, வாங்கிய கூலி என்று நான்கு கோடு கிழித்த கொப்பி போதும். பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்த பின்னும் நான் சற்று நேரம் இங்கேயே இருப்பேன். பாட்டனார், பாட்டியார் சொன்னது ஏதேனும் நினைவிருப்பவர்கள் வந்து சொல்லுங்கள். எழுதிக்கொள்ளக் கொப்பியும் பேனாவும் கொண்டு வந்திருக்கிறேன்.